காங்கேசன்துறையில் ஏறி பலாலியில் இறங்கியவர்கள்: ஓர் உலகப் பயணத் திட்டத்தின் நிகழ்வு ஆய்வு

2024 ஒக்ரோபரில், மழை பிடித்திருந்த ஒரு காலை, மாஸ்ரரும் அவர் மனைவியும் காங்கேசன்துறை வீதியில் இருக்கும் எங்கள் சின்னப் பயண அலுவலகத்துக்கு வந்தார்கள். மாஸ்ரருக்கு 68 வயது. முப்பது வருடத்துக்கு மேல் புவியியல் படிப்பித்தவர். பிறந்தது வல்வெட்டித்துறை, கலியாணம் செய்து குடியிருப்பது கோண்டாவில். குடையை மடக்கி வைத்துவிட்டு, பொலித்தீன் பையிலிருந்து ஒரு பள்ளிக்கூட அட்லஸை எடுத்து மேசையில் விரித்தார். உலகப்படத்தில் பென்சிலால் ஒரு கோடு யாழ்ப்பாணத்தில் தொடங்கி, மேற்கே போய், படத்தின் இடது ஓரத்தில் முடிந்து, வலது ஓரத்தில் மறுபடி தொடங்கி, யாழ்ப்பாணத்துக்கே வந்து சேர்ந்தது.

“தம்பி, எல்லாரும் போறது போலப் போனால் மூண்டு தரம் போய் மூண்டு தரம் வரவேணும். ஒரே சுற்றாப் போனால் என்ன?”

மூத்த மகள் சிட்னியில், மகன் ரொறன்ரோவில், அம்மாவின், அதாவது மாஸ்ரரின் மனைவியின், தங்கை லண்டனில், மாஸ்ரரின் அக்கா மகன் பாரிஸில். யாழ்ப்பாணத்தில் வீட்டுக்கு வீடு இப்படித்தான் பிள்ளைகள் சிதறியிருக்கிறார்கள். ஆனால் பெற்றோர் போவது ஒரு பிள்ளையிடம், அங்கிருந்து திரும்பி வீடு, இரண்டு வருடம் கழித்து அடுத்த பிள்ளையிடம் என்ற கணக்கில்தான். பூமியைச் சுற்றி வந்துதான் பிள்ளைகளைப் பார்ப்பேன் என்று ஒருவர் அட்லஸோடு வந்து உட்கார்ந்தது எனக்கு அதுவே முதல் தடவை. அந்தத் திட்டம் எப்படி உருவானது, எதை விட்டோம், எதில் பிழை விட்டோம் என்பதை அவர்களுடைய சம்மதத்தோடு எழுதுகிறேன். ஆட்களை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

கப்பலில் போகலாமா?

மாஸ்ரரின் முதல் விருப்பம் கப்பல். வல்வெட்டித்துறையில் பிறந்த ஒருவர் வேறு எதைக் கேட்பார்? அந்த ஊரில் வேப்ப மரத்தால் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பலை வில்லியம் அல்பேட் ரொபின்சன் என்ற அமெரிக்கர் வாங்கினார். அவர் அதற்கு முன்பே, 1928 முதல் 1931 வரை, ஒரு சிறு பாய்ப்படகில் உலகத்தைச் சுற்றி வந்தவர். வல்வெட்டித்துறை மாலுமிகளே அன்னபூரணியை அத்திலாந்திக்குக்கு அப்பால் ஓட்டிச் சென்றார்கள். 1938 ஆகஸ்டில் அது மசசூசெற்ஸ் மாநிலத்தின் குளோஸ்ரர் துறைமுகத்தை அடைந்தது. மாஸ்ரர் சின்னவராக இருந்தபோது இந்தக் கதையை அவருடைய பேரனார் சொல்லச் சொல்லக் கேட்டிருக்கிறார். அட்லஸில் குளோஸ்ரர் என்ற பெயர் இல்லை. பொஸ்ரனுக்குக் கொஞ்சம் மேலே அவரே ஒரு புள்ளி வைத்திருந்தார்.

அதனால் கப்பல் வழியை ஒரு சம்பிரதாயத்துக்காகப் பார்த்துவிட்டு மூடவில்லை, இரண்டு கிழமை உண்மையாகவே தேடினேன். சரக்குக் கப்பல்களில் சில அறைகளைப் பயணிகளுக்குக் கொடுக்கும் வழக்கம் ஒருகாலத்தில் இருந்தது. கொரோனாவுக்குப் பிறகு பெரும்பாலான நிறுவனங்கள் அதை நிறுத்திவிட்டன. மிச்சம் இருப்பவையும் வயதெல்லை வைக்கின்றன, வைத்தியச் சான்றும் கேட்கின்றன. உலகைச் சுற்றும் உல்லாசக் கப்பல்கள் இருக்கின்றன. நூறு நாளோ அதற்கு மேலோ ஓடும். ஆனால் அவை ஒரு துறைமுகத்தில் நிற்பது பெரும்பாலும் ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள். பேரப்பிள்ளை பள்ளிக்கூடத்தால் வருவதற்குள் கப்பல் ஊதிவிடும். அதோடு வழியில் வரும் ஒவ்வொரு நாட்டின் விசாவும் ஏறும் நாளிலேயே கையில் இருக்க வேண்டும். பிரித்தானியப் பாஸ்போட் வைத்திருப்பவருக்கு அது ஒரு நாள் வேலை. எங்கள் பாஸ்போட்டுக்கு அது ஒரு வருட வேலை. போதாக்குறைக்கு 2023 முடிவிலிருந்து செங்கடலில் நடந்த தாக்குதல்களால் பல கப்பல்கள் சூயஸை விட்டு ஆபிரிக்காவைச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தன.

இதையெல்லாம் சொன்னபோது மாஸ்ரர் ஒன்றும் பேசாமல் அட்லஸை மூடினார். அம்மாதான் சொன்னார்: “முழுக்கக் கப்பல் வேண்டாம் தம்பி. இவருக்காகக் கொஞ்ச தூரமெண்டாலும் வைக்கேலுமெண்டால் பாருங்கோ.” அந்த வசனம் பிறகு எங்கள் திட்டத்தின் தொடக்கத்தையே மாற்றியது.

எந்த ரிக்கெற்?

விமானம் என்று முடிவானதும் மூன்று வழிகள் எதிரே நின்றன.

ஒன்று, விமானக் கூட்டணிகள் விற்கும் உலகச் சுற்று ரிக்கெற். சிறிலங்கன் எயார்லைன்ஸ் 2014 மே மாதத்திலிருந்து வன்வேர்ல்ட் கூட்டணியில் இருப்பதால் அதைத்தான் முதலில் பார்த்தேன். கண்டங்களின் எண்ணிக்கையை வைத்து விலை போடுவார்கள். அதிகபட்சம் 16 கட்டம், அதாவது 16 பயணத் துண்டு, ஒரு வருடம் செல்லும், அத்திலாந்திக்கையும் பசிபிக்கையும் கடக்க வேண்டும், புறப்பட்ட நாட்டுக்கே திரும்ப வேண்டும். பத்து, பன்னிரண்டு இடங்களில் நின்று போகும் ஆட்களுக்கு இது அருமையான சாமான். மாஸ்ரர் நிற்கப்போவதோ ஐந்தாறு இடம். அதிலும் இரண்டு துண்டுகளை ரயிலில் போக ஆசைப்பட்டார். தரையில் போகும் துண்டும் அந்த 16இல் ஒன்றாகவே எண்ணப்படும். காசு கொடுத்து வாங்கும் பதினாறில் பாதிக்கு மேல் வீணாகும்.

அதைவிடப் பெரிய சிக்கல் அமெரிக்கா. அந்தக் கூட்டணியின் பசிபிக் பறப்புகளில் பெரும்பாலானவை அமெரிக்க நகரங்களிலிருந்துதான் எழும்புகின்றன. அமெரிக்காவில் விமானம் மாறுவதற்கும் விசா வேண்டும், ‘வெளியே போகமாட்டேன், உள்ளேயே இருக்கிறேன்’ என்ற கதை அங்கே எடுபடாது.

இரண்டாவது, பிள்ளைகள் சொன்ன வழி: மூன்று தனித்தனி ரிட்டேர்ன். 68 வயதில் ஆறு நெடும் பறப்பு, ஒவ்வொரு தடவையும் வந்து இறங்கி உடம்பு தேறுவதற்குள் அடுத்தது. மூன்றாவது, ஒவ்வொரு துண்டையும் தனித்தனி ஒருவழி ரிக்கெற்றாக வாங்குவது. ஒன்று பிந்தினால் அடுத்த நிறுவனம் பொறுப்பெடுக்காது என்பதே இதிலுள்ள ஆபத்து. ஆனால் இவர்கள் ஒவ்வொரு இடத்திலும் கிழமைக்கணக்கில் நிற்பவர்கள், மணித்தியாலக் கணக்கில் மாறுபவர்கள் அல்ல. பிந்தினால் தங்கச்சி வீட்டில் இன்னொரு நாள் சாப்பாடு, அவ்வளவுதான். எனவே மூன்றாவதை எடுத்தோம்.

ஆனால் ஒரு ரிக்கெற்றையும் உடனே வாங்கவில்லை. மகன் ரொறன்ரோவிலிருந்து இரவிரவாக அழைத்து, “விலை ஏறுது அண்ணை, இப்பவே போடுங்கோ” என்று அவசரப்படுத்தினார். நான் அசையவில்லை. முன்பதிவு விவரத்தை மட்டும் விசாக் கோப்புக்குக் கொடுத்தேன்.

பாஸ்போட் இன்று எங்கே இருக்கிறது?

வெளிநாட்டுப் பயணக் கட்டுரைகளில் காலநிலை, விலை, பார்க்க வேண்டிய இடம் என்ற வரிசையில் எழுதுவார்கள். எங்களுக்கு முதல் வரியில் வருவது வேறொன்று. ஓர் ஆளுக்கு இருப்பது ஒரு பாஸ்போட். அது ஒரு நேரத்தில் ஓர் அலுவலகத்தில்தான் இருக்க முடியும். ஐந்து விசா எடுக்க வேண்டுமென்றால் அந்தச் சின்னப் புத்தகம் எந்தக் கிழமை எந்த மேசையில் கிடக்கும் என்று முதலில் அட்டவணை போட வேண்டும். நான் ஒரு பெரிய கலண்டர் மட்டையின் பின்பக்கத்தில் இதைப் போட்டேன். உலகப்படத்தைவிட அந்த மட்டையைத்தான் அடுத்த ஆறு மாதம் அதிகம் பார்த்தோம்.

முதல் வேலை பாஸ்போட்டையே புதுப்பிப்பது. இருவருடையதும் 2026இல் முடிய இருந்தன. கனடா வருகை விசா பத்து வருடம் வரையும் தருவார்கள், ஆனால் பாஸ்போட்டின் ஆயுளுக்கு மேல் போகாது. பழைய புத்தகத்தில் அதை ஒட்டுவித்தால் எட்டு வருடத்தை எறிந்த கதை. புதுப் புத்தகம் வந்த பிறகே தொடங்கினோம்.

பிறகு வரிசை. கனடாவை முதலில் வைத்தேன். அதற்கு மூன்று காரணம். விண்ணப்பத்தை இணையத்தில் கொடுத்து, கைரேகை கொடுத்து, முடிவு சாதகமாக வந்த பிறகுதான் பாஸ்போட்டைக் கேட்பார்கள், அதுவரை புத்தகம் கோண்டாவிலில் அலுமாரிக்குள் இருக்கலாம். கைரேகை பத்து வருடம் செல்லும். மூன்றாவது காரணம் பலருக்குத் தெரியாது. இலங்கைப் பாஸ்போட்காரர், ஒரே விசாவில் போகக்கூடிய ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளில் ஒன்றின் விமான நிலையத்தில் வெளியே வராமல் விமானம் மாறுவதற்கும் ஒரு ட்ரான்சிற் விசா வேண்டும், அந்தக் கட்டாயமுள்ள பன்னிரண்டு நாடுகளில் நாங்களும் ஒன்று. ஆனால் கையில் செல்லுபடியான கனடா விசா இருந்தால் அந்தக் கட்டாயம் இல்லை. ஏதாவது காரணத்தால் பாதை மாறினாலும் தப்பலாம்.

மகன் சுப்பர் விசா எடுக்கச் சொன்னார். அது பெற்றோர், பேரன் பேத்தி உள்ள தாத்தா பாட்டிகளுக்கானது, ஒரு தடவையில் ஐந்து வருடம் வரை நிற்கலாம். ஆனால் குறைந்தது ஒரு வருடத்துக்கு ஒரு இலட்சம் கனேடிய டொலர் மருத்துவக் காப்புறுதி காட்ட வேண்டும், மருத்துவப் பரிசோதனையும் உண்டு. இவர்கள் நிற்கப்போவது பதினொரு கிழமை. சாதாரண வருகை விசாவே ஆறு மாதம் தரும். கட்டணம் ஆளுக்கு 100 டொலர், கைரேகைக்கு 85. அதையே எடுத்தோம்.

அவுஸ்திரேலியா சுலபம். விசா இணையத்தில் வரும், புத்தகத்தில் ஒட்டுவதில்லை, அதனால் மற்ற விண்ணப்பங்களோடு இடிபடாமல் சமாந்தரமாக ஓடியது. பிரித்தானியாவுக்குப் பயணத் தேதிக்கு மூன்று மாதத்துக்கு முன்னர்தான் விண்ணப்பிக்கலாம். ஷெங்கனுக்கு ஆறு மாதத்துக்கு முன்பே தொடங்கலாம். ஆளுக்கு 90 யூரோ, 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்புறுதி. ஷெங்கனில் பாரிஸ் மட்டும்தான் என்பதால் பிரான்சிடமே கொடுத்தோம். சிங்கப்பூருக்கு முன்விசா தேவையில்லை, மின் வருகை அட்டையை இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் நிரப்பினால் போதும்.

கைரேகைக்கென்று மூன்று தடவை கொழும்புக்குப் போய் வந்தார்கள். போக 400, வர 400. உலகத்தைச் சுற்ற முன்னமே 2,400 கிலோமீற்றர் முடிந்தது. இரவு பஸ்ஸில் போய், வெள்ளவத்தையில் உறவினர் வீட்டில் முகம் கழுவி, வேலை முடித்து, அன்றிரவே திரும்புவார்கள். அம்மா ஒருநாளும் முறையிடவில்லை. மூன்றாம் தடவை மட்டும் கால் வீங்கியிருந்தது.

மறுப்பு

பெப்ரவரியில் ஒரு நாட்டின் விசா மறுக்கப்பட்டது. எந்த நாடு என்பது இங்கே முக்கியமில்லை, ஏனென்றால் பிழை எங்கள் பக்கம்.

கணக்கில் காசு குறைவாகத் தெரிகிறதே என்று நினைத்து, விண்ணப்பத்துக்குப் பத்து நாள் முன்னர் மகள் ஒரு பெரிய தொகையை அப்பாவின் கணக்குக்கு அனுப்பியிருந்தார். நல்ல மனதோடு செய்தது. வங்கி அறிக்கையில் என்ன தெரியும்? மாதா மாதம் பென்சன், சிறு சிறு எடுப்புகள், திடீரென்று ஒரு மலை. அது யாருடைய காசு, ஏன் வந்தது என்று கோப்பில் ஒரு வரி இல்லை. அறிக்கையை நான்தான் சரிபார்த்தேன், நான்தான் கவனித்திருக்க வேண்டும்.

அன்று மாஸ்ரர் மறுப்புக் கடிதத்தை மூன்று தடவை வாசித்தார். “நாற்பது வருசம் ஒருத்தரிட்டையும் ஒரு சதம் கடன்படாமல் இருந்தனான் தம்பி” என்றார். அந்த முகத்தைப் பார்த்தவர் யாரும் விசா விண்ணப்பத்தை வெறும் படிவம் என்று சொல்லமாட்டார்கள்.

புதிதாகக் கட்டினோம். மகளின் கடிதம், அவர் சம்பளச் சீட்டு, அனுப்பிய ரசீது மூன்றும் ஒன்றாக. பென்சன் திணைக்களக் கடிதம். கோண்டாவில் வளவின் உறுதி, சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் கையொப்பத்தோடு. கலியாணப் பதிவு. எந்தத் தேதியில் எங்கே நிற்பார்கள், யார் வீட்டில், எதில் போவார்கள் என்ற ஒரு பக்க அட்டவணை. இவர்கள் திரும்பி வருவார்கள் என்பதை அந்த அதிகாரி காகிதத்தில் பார்க்க வேண்டும், அதற்குத்தான் இவ்வளவும். உலகச் சுற்று என்பது இங்கே ஒரு கேள்வியையும் எழுப்பும்: திரும்பி வரும் ரிக்கெற் எங்கே? அடுத்த நாட்டுக்குப் போகும் முன்பதிவும் அதன் விசாவும் அந்த இடத்தை நிரப்பும் என்பதைக் கடிதத்தில் தெளிவாக எழுதினேன். இரண்டாம் தடவை கிடைத்தது.

குளோஸ்ரரை விட்டதும் இந்த மறுப்பால்தான். கனடா, பிரித்தானியா, அவுஸ்திரேலியா மூன்றுமே ‘வேறெந்த நாடாவது உங்களுக்கு விசா மறுத்ததா?’ என்று கேட்கும். ஒளித்தால் அதுவே பெரிய குற்றம். அமெரிக்க விசாவுக்கு அப்போது ஆளுக்கு 185 டொலர், நேர்முகம் வேறு. அங்கும் ஒரு மறுப்பு விழுந்தால் மிச்ச விண்ணப்பங்கள் எல்லாவற்றின் மேலும் அதன் நிழல் விழும். ஒரு புள்ளிக்காக முழுக் கோட்டையும் பணயம் வைக்க நான் விரும்பவில்லை. மாஸ்ரரிடம் இதைச் சொல்லத்தான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. அவர் அட்லஸில் அந்தப் புள்ளியை அழிக்கவில்லை. கோட்டை மட்டும் மேலே, ரொறன்ரோவுக்கு நகர்த்தினார்.

மேற்கா, கிழக்கா

மகளைப் பார்த்து இரண்டு வருடம் ஆனதால் அம்மா சிட்னியில் தொடங்க விரும்பினார். அதாவது கிழக்கே. அப்படிப் போனால் மே, ஜூனில் சிட்னி குளிர், இலையுதிரும் காலத்தில் கனடா, நவம்பர் இருட்டில் லண்டன். மேற்கே போனால் மே மாத லண்டன், ஜூன் பாரிஸ், ஜூலை ஓகஸ்ட் ரொறன்ரோ, வசந்தத்தில் சிட்னி. வழி முழுக்கக் குளிருக்கு முன்னால் போகலாம்.

உடம்புக்கும் மேற்குத்தான் சுகம். மனித உடம்பின் கடிகாரம் இயல்பாகவே 24 மணித்தியாலத்தைவிடச் சற்று நீளம், அதனால் நித்திரையைப் பிந்திப்போடுவது முந்திப்போடுவதைவிட இலகு. மாஸ்ரருக்கு இன்சுலின் வேறு. மேற்கே போகும்போது நாள் நீள்வதால் எந்தக் கட்டத்தில் எத்தனை மணிக்கு ஊசி என்று அவருடைய வைத்தியர் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். இன்சுலின் கைப்பையில்தான் போக வேண்டும், கீழே சரக்கறையில் உறைந்துபோகலாம்.

இப்போது தொடக்கம். கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குப் போவதென்றால் முதலில் A9 வீதியில் எட்டு, பத்து மணித்தியாலம். அப்போதுதான் அம்மா சொன்ன ‘கொஞ்ச தூரக் கப்பல்’ நினைவுக்கு வந்தது. காங்கேசன்துறையிலிருந்து நாகபட்டினத்துக்குப் பயணிகள் கப்பல் 2023 ஒக்ரோபரில் தொடங்கி, நின்று, 2024 ஓகஸ்டில் மறுபடி ஓடத் தொடங்கியிருந்தது. ஏறக்குறைய 110 கிலோமீற்றர், நாலு மணித்தியாலம். நாகையிலிருந்து இரவு ரயிலில் சென்னை. சென்னையிலிருந்து லண்டனுக்கு நேரடிப் பறப்பு. மாஸ்ரரிடம் சொன்னபோது அவர் உடனே அட்லஸைப் புரட்டி நெடுங்கோட்டைப் பார்த்தார். யாழ்ப்பாணமும் சென்னையும் ஏறக்குறைய ஒரே 80 பாகைக் கோட்டில். “சுற்று குறையாது தம்பி! வடக்கால போய் மேற்கால திரும்புறம், அவ்வளவுதான்.” அவ்வளவு சந்தோசத்தை அவரிடம் நான் அதுவரை கண்டதில்லை.

இதற்கு இந்திய விசா கூடுதலாக வந்தது. இணையத்தில் எடுக்கும் மின்விசா குறிப்பிட்ட சில விமான நிலையங்களுக்கும் துறைமுகங்களுக்கும்தான் செல்லும் என்பதால், யாழ்ப்பாணத்திலுள்ள இந்தியத் துணைத்தூதரகம் வழியாகப் புத்தகத்தில் ஒட்டும் விசாவே எடுத்தோம், பல தடவை நுழையக்கூடியதாக. கொழும்புப் பயணம் இல்லை என்பதே பெரிய ஆறுதல். எல்லா விசாவும் கையில் வந்த பிறகு, ஏப்ரலில், இரண்டு நாளில் எல்லா ரிக்கெற்றையும் வாங்கினோம். லண்டன் பறப்புக்கு முன் சென்னையில் மூன்று நாள் இடைவெளி விட்டேன். கடல் குழம்பிக் கப்பல் நின்றால் யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையத்திலிருந்து சென்னைக்குப் பறக்கலாம்.

போனது

மே முதற் கிழமை காங்கேசன்துறையில் வழியனுப்பப் போனேன். கடல் எண்ணெய் ஊற்றியது போலக் கிடந்தது. மாஸ்ரர் புது வெள்ளைச் சேட்டு, கையில் அட்லஸ். பிறகு தொலைபேசியில் சொன்னார்: வெளிச்சவீடும் பழைய சீமெந்துத் தொழிற்சாலையும் கண்ணுக்கு மறையும் வரை பின்பக்கம் நின்றாராம், அம்மா இரண்டு தடவை வந்து கூப்பிட்டும் உள்ளே போகவில்லையாம்.

லண்டன் கிழமைகளைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை, அக்காவும் தங்கையும் சமைத்துக் கதைத்தே முடித்தார்கள். பாரிஸுக்கு விமானம் வேண்டாம் என்று நான் சொல்லியிருந்தேன். ரயில் இரண்டே கால் மணித்தியாலம் சொச்சம், விமானம் போலப் பெட்டியை நிறுக்கமாட்டார்கள், பிரெஞ்சுக் குடிவரவுச் சோதனை லண்டன் நிலையத்திலேயே முடிந்துவிடும். பாரிஸின் வடக்கு நிலையத்தில் இறங்கிக் கொஞ்சம் நடந்தால் லா சப்பல். மருமகன் வேலையால் வரப் பிந்த, இருவரும் பெட்டியை உருட்டிக்கொண்டே தமிழ்க் கடைப் பலகைகளை வாசித்து நடந்து, ஒரு கடையில் வடையும் தேத்தண்ணியும் குடித்துவிட்டு நின்றிருக்கிறார்கள்.

ரொறன்ரோவிலிருந்து வன்கூவருக்கு விமானத்தில் ஐந்து மணித்தியாலம். ரயிலில் 4,466 கிலோமீற்றர், நாலு இரவு. ‘கனேடியன்’ என்று பெயர். வாரத்தில் இரண்டு தடவைதான் புறப்படும். இருக்கையில் நாலு இரவு இருப்பது இந்த வயதுக்குச் சரிவராது என்பதால் படுக்கை எடுத்தோம், மகன் காசு கொடுத்தார். அந்தப் பாதையில் சரக்கு ரயிலுக்கே முதலிடம், பயணிகள் வண்டி ஒதுங்கி நிற்கும், பிந்துவது சாதாரணம். அதனால் வன்கூவரில் இரண்டு நாள் வைத்தேன். மாஸ்ரருக்குப் பயணம் முழுவதிலும் பிடித்தது இதுதான். ஒன்டாரியோவின் காடும் குளமும் ஒரு நாளுக்கு மேல் ஓட, பிறகு ஒரு மரமும் இல்லாத சமவெளி, கடைசியில் றொக்கி மலை. முப்பது வருடம் கரும்பலகையில் கீறிக் காட்டியதைக் கண்ணாடிக்கு வெளியே பார்த்தார். நேரவலயம் மாறும்போதெல்லாம் கைக்கடிகாரத்தைத் தானே ஒரு மணித்தியாலம் பின்னே திருப்பினாராம்.

வன்கூவர்-சிட்னிப் பறப்புக்கு நான் முதலில் பார்த்தது செப்ரெம்பர் 19, வெள்ளி இரவு. விலையும் நல்லது. பயண அட்டவணையை ஏப்ரலில் வீட்டில் வைத்து வாசித்தபோது அம்மா விரலை வைத்து நிறுத்தினார். “வெள்ளி இரவு ஏறி ஞாயிறு காலமை இறங்குறமோ? அப்ப சனி?”

சனி இல்லை. பசிபிக்கின் நடுவிலுள்ள திகதிக் கோட்டை மேற்கே கடந்தால் ஒரு நாள் போய்விடும். அந்தச் சனி புரட்டாசியின் முதற் சனி. நாற்பது வருடமாக ஒரு புரட்டாசிச் சனியும் விடாமல் எள்ளெண்ணெய் எரித்து விரதம் இருப்பவர் அம்மா. நான் மலிவு பார்த்துப் போட்ட தேதி அவருடைய விரத நாளையே விழுங்கியிருக்கும். செவ்வாய் இரவுக்கு மாற்றினோம், 23ஆம் திகதி ஏறி 25 வியாழன் இறங்குவது. போனது ஒரு புதன், அதில் அம்மாவுக்கு விரதம் இல்லை. இப்போது பசிபிக்கைக் கடக்கும் எந்தப் பெரியவருக்கும் தேதி போட முன்னர் பஞ்சாங்கத்தைப் பார்க்கிறேன்: திதி, அமாவாசை, விரதம்.

அந்த நாள் எங்கே போனது என்று அம்மா கேட்டதற்கு மாஸ்ரர் கணக்குக் கொப்பியில் எழுதிக் காட்டினார். லண்டனில் கடிகாரத்தை நாலரை மணித்தியாலம் பின்னே வைத்தோம். பாரிஸில் ஒன்று முன்னே. ரொறன்ரோவில் ஆறு பின்னே, வன்கூவரில் மூன்று பின்னே. சிட்னியில் சூரியன் கணக்குப்படி இன்னும் ஏழு பின்னே. ஒக்ரோபரில் சிட்னிக்காரர் ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளுவார்கள், அங்கிருந்து வீட்டுக்கு வர ஐந்தரை பின்னே. கூட்டிக் கழித்தால் சரியாக 24. கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து வைத்த மணித்தியாலங்களை ஒரே இரவில் கொடுத்துவிடுகிறோம். நானும் புவியியல் படித்தவன்தான். இவ்வளவு தெளிவாக எனக்கு ஒருவரும் சொல்லித் தந்ததில்லை.

சிட்னியில் இறங்கும்போது கொண்டுபோனது வறுத்து இடித்த மிளகாய்த்தூள் மட்டும். புழுக்கொடியல், ஒடியல்மா, எள்ளுருண்டை எல்லாவற்றையும் ரொறன்ரோவிலேயே முடித்துவிடச் சொல்லியிருந்தேன். சாப்பாட்டுச் சாமான் ஒரு துண்டு இருந்தாலும் வருகை அட்டையில் ‘ஆம்’ என்று குறிக்க வேண்டும், மறைத்தால் தண்டம். அம்மா குறித்தார். அதிகாரி பையைத் திறந்து, மணந்து பார்த்து, மூடி, போகச் சொன்னார்.

திரும்பும் வழியில் சிங்கப்பூரில் மூன்று நாள். அது மாஸ்ரரின் தாய்வழிப் பேரனாருக்காக. அவர் மலாயாவில் ரயில்வேயில் எழுதுவினைஞராக இருந்து, ஊருக்கு வந்து சாகும் வரை மலாயாப் பென்சன் எடுத்தவர். சிலோன் வீதியில் இலங்கைத் தமிழர் எழுப்பிய செண்பக விநாயகர் கோயிலில் ஒரு அருச்சனை செய்தார்கள். நவம்பர் நடுப்பகுதியில் சென்னை வழியாகப் பலாலிக்கு வந்து இறங்கினார்கள். வடகீழ்ப் பருவத்தில் கப்பலை நம்ப முடியாது என்பதால் வரவு விமானத்தில். மொத்தத் தூரம் 41,000 கிலோமீற்றருக்கு மேல், பூமத்தியரேகையின் சுற்றளவு 40,075.

இனி மாற்றிச் செய்வது

பெட்டி நிறையை நான் கடைசித் துண்டுக்கு யோசிக்கவில்லை. பெருங்கடல் கடக்கும் சில விமானங்களில் ஆளுக்கு இரண்டு பெரிய பெட்டி கொண்டுபோகலாம். சென்னையிலிருந்து பலாலிக்கு வருவது சின்ன விமானம், அனுமதி அதில் ஒரு பங்குதான். பிள்ளைகள் கொடுத்துவிட்ட சாமான்களோடு வந்தவர்கள் சென்னையில் மேலதிக நிறைக்குக் காசு கட்டினார்கள். இது முழுக்க என் தவறு, அந்தக் காசில் பாதியை நான் கொடுத்தேன். இனி இப்படிப்பட்ட பயணத்தில் மிகச் சின்ன விமானத்தின் அளவைத்தான் முதல் நாளிலிருந்து எல்லாவற்றுக்கும் அளவாக வைப்பேன்.

ரொறன்ரோவில் பதினொரு கிழமை கூடிப்போனது. மகனும் மருமகளும் வேலைக்குப் போக, அடுக்குமாடியில் பகல் முழுக்கத் தனிமை. ஆறு கிழமைக்கு மேல் அம்மா ஊர்க் கிணற்றடியைப் பற்றியே கதைத்தாராம். பாரிஸுக்கு இன்னொரு கிழமை கொடுத்திருக்கலாம். மருமகன் லீவு எடுத்துக் காத்திருந்தார்.

தைப்பொங்கலுக்கு மறுநாள் மாஸ்ரர் தனியே வந்தார். அதே பொலித்தீன் பை, அதே அட்லஸ். பென்சில் கோட்டின் மேல் இப்போது நீல மையில் கோடு ஓடியிருந்தது. பொஸ்ரனுக்கு மேலேயுள்ள புள்ளி மட்டும் இன்னும் பென்சிலிலேயே. ஐந்து நாட்டு விசாவையும் முறையாகப் பாவித்துத் திரும்பிய பதிவு இப்போது அவரிடம் இருக்கிறது. போன வருடம் இல்லாத பலம் அது. வங்கி அறிக்கையை எடுத்து வரச் சொன்னேன். ஆறு மாதத்துக்கு அதில் ஒரு திடீர் வரவும் இல்லை. அமெரிக்க விசாவுக்கான டி.எஸ்-160 படிவத்தின் முதல் மூன்று பக்கம் நிரப்பிவிட்டோம்.